காத்திவாக்கம் வரை வந்த மேடம்

இராயபுரத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்குச் சாலை வழியே ஏறக்குறைய எண்ணூறு கிலோமீட்டர். இந்தக் கட்டுரை முதல் பதினான்கு கிலோமீட்டரைப் பற்றியது. மீதியை யார் வேண்டுமானாலும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை காலை 7.10. என் வீட்டுக்குக் கீழே வலை, கயிறு வியாபாரம் செய்யும் காதர் பாயின் கடை வாசலில் லாரி நின்றது. விசாகப்பட்டினத்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் நைலான் வலை மூட்டைகள் முக்கால் வண்டியை நிறைத்திருந்தன. மீதிக் கால் பங்கில் என் சாமான். ரசீதில் இப்படி எழுதியிருந்தேன்: இரும்புப் பெட்டி இரண்டு (புத்தகம்), மெத்தை ஒன்று, கூண்டு ஒன்று (உயிருடன்).

சரக்கு வண்டியில் பயணியை ஏற்றக் கூடாது. ஆனால் சரக்கின் உரிமையாளர் அதனுடன் முன்பக்கம் உட்கார்ந்து போகலாம். இந்த விதி லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கும் வழியில் நிறுத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. அதனால்தான் ரசீது. முப்பத்து நான்கு ஆண்டுகள் துறைமுகத்தில் உரிமை கோரப்படாத சரக்குப் பிரிவில் இருந்தவன் நான். யாரும் வந்து கேட்காத பெட்டிகளுக்கு அறிவிப்பு அனுப்புவது, கெடு முடியும்வரை காத்திருப்பது, பிறகு ஏலம் விடுவது என் வேலை. பொருள்களோடே வாழ்ந்து மனிதர்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்தில், அறுபத்தொரு வயதில் மானிடவியல் முதுகலைக்கு விண்ணப்பித்தேன். விசாகப்பட்டினத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் மாலைக்குள் சேர வேண்டும். படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாயிற்று, ஒன்றைத் தவிர: ‘நிரந்தர முகவரி’. இராயபுரம் வீட்டை விற்கச் சொல்லி, சாவியைக் காதர் பாயிடம் அன்று காலைதான் கொடுத்திருந்தேன்.

“நாலு மணிக்கு பார்ட்டி வரான் சார். வெலைய நான் பேசிக்கறேன். நீங்க நிம்மதியாப் போயி படிங்க, பெயிலாவாம வாங்க” என்றார் பாய்.

கூண்டில் இருந்தவள் மேடம். சாம்பல் நிறப் பெண் புறா. இரண்டு வருடங்களுக்கு முன், பட்டம் விடும் நாள்களில், மாஞ்சா நூல் அறுத்த இறக்கையோடு என் பால்கனியில் விழுந்தாள். காலில் வளையம் இருந்தது, ஆகவே பந்தயப் புறா. நான் முறைப்படியே செய்தேன். வளையத்து எண்ணைக் குறித்து ஒரு புறா சங்கத்தின் முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. இன்னொன்றும் அனுப்பினேன், அதுவும் திரும்பி வந்தது. முப்பது நாள் காத்திருந்தேன். அதன்பிறகு என் கணக்கில் அவள் என்னுடையவள். பகலெல்லாம் பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருப்பாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை பறந்துபோய்த் திரும்புவாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ரயிலில் அனுப்பலாம்தான். எடை போட்டு, லேபிள் ஒட்டி, ரயில் கடைசியில் கார்டு இருக்கும் பெட்டியில் ஏற்றுவார்கள். ஊரார் பொருளுக்கெல்லாம் லேபிள் ஒட்டியவனுக்கு இவளுக்கு ஒட்ட மனம் வரவில்லை.

ஓட்டுநர் டில்லிபாபு நாற்பத்தைந்து வயதுக்காரர், காத்திவாக்கத்து ஆள். கூண்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தவுடன் கேட்டார்.

“இன்னா சார், எங்க வுடப் போறீங்க?”

“விடறதுக்கில்ல. கூட வெச்சுக்கறதுக்கு.”

“எண்ணூறு கிலோமீட்டரு தூக்கினு போயி வுடாம வெச்சுக்கப் போற மொத ஆளு நீங்கதான் சார்.”

வடசென்னையில் புறாக் கூடையோடு வடக்கே போகிறவன் பந்தயத்துக்குத்தான் போகிறான். நெல்லூரிலோ ஓங்கோலிலோ விஜயவாடாவிலோ கூடையைத் திறந்துவிட்டுத் திரும்புவான். அவனுக்கு முன்பே புறா வீடு சேர்ந்திருக்கும்.

8.40. காசிமேடு தாண்டி அரை கிலோமீட்டர். எதிர்ப் பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அசையாமல். அவற்றில் சில எங்கள் பக்கத்துக்கும் வழிந்திருந்ததால் நாங்களும் அசையவில்லை. வலப்புறம் கருங்கல் குவியலுக்கு அப்பால் கடல், வெளுத்துப்போன வேட்டி நிறத்தில். வெயிலும் பனிமூட்டமும் புகையும் ஒன்றாகக் கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் பின்னால் கழுத்தை நீட்டி நின்றன. வண்டி நிற்கிறதா, கடல் பின்னோக்கி நகர்கிறதா என்ற மயக்கம் எனக்கு இரண்டு முறை வந்தது. மேடம் ஒரு கண்ணால் கடலையும் மறு கண்ணால் டில்லியையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டிகளுக்கு நடுவே தூக்கில் டீ விற்றுக்கொண்டு வந்தவரும் (டீ பதினைந்து ரூபாய்) முதலில் கூண்டைத்தான் பார்த்தார்.

“நெல்லூரா, ஓங்கோலா நைனா?”

“வைசாக்” என்றார் டில்லி. “சாரு படிக்கப் போறாரு. ஆனா புறாவ வுடமாட்டாராம்.”

“அப்ப இன்னாத்துக்கு? அதுவும் படிக்கப் போவுதா?”

10.15. திருவொற்றியூர். மூன்று மணி நேரத்தில் எட்டு கிலோமீட்டர். வண்டி மறுபடி நின்றது. டில்லி கூண்டுக்குள் விரலை விட்டு மேடத்தின் காலைத் தூக்கிப் பார்த்தார். உலோக வளையத்துக்கு மேலே இன்னொன்று உண்டு, பச்சை பிளாஸ்டிக்கில் ஒரு கறுப்புக் கோடு. அதை அலங்காரம் என்று நினைத்து நான் என் கடிதங்களில் குறிப்பிடவே இல்லை.

“சார், இது கஸ்தூரியக்கா கலரு.”

“யாரு?”

“எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி. முகத்துவாரத்துல எறா புடிக்கும். காத்திவாக்கம் பூரா இந்தப் பச்சை அதுதான் போடும். ஒண்ணு வரலன்னு ரெண்டு மாசம் மொட்ட மாடியே கதின்னு கெடந்துச்சு சார்.”

கெடு முடிந்த பொருளுக்குப் பழைய உரிமையாளர் உரிமை கோர முடியாது என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“சட்டம் கெடக்கட்டும். நான் எப்டியும் வூட்டாண்ட நிறுத்தி சாப்புடணும், துணி எடுக்கணும். சொல்லவா வேணாவா, நீங்களே சொல்லுங்க.”

சொல்ல வேண்டாம் என்பதுதான் பதில். வாய்வரை வந்தது. பெட்டியைத் தேடி மூன்று ஆண்டு கழித்து வருகிறவர்களை எத்தனையோ முறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அன்றைக்கு அது எனக்கே விசித்திரமாக இருந்தது. மேடம் தன் மார்பு இறகைக் கோதிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்க” என்றேன்.

12.30. எர்ணாவூரில் மணலிப் பக்கம் திரும்ப வேண்டிய வண்டி நேரே போய்க் காத்திவாக்கத்தில் நின்றது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வானத்தில் பாதியில் கரைந்திருந்தன. தெருவில் எல்லாவற்றின் மேலும் மெல்லிய சாம்பல் பூச்சு, கொடியில் காயும் துணி மேலும்கூட. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் சிலர் நின்று, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் தேடிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்க, தொலைத்த எதையோ தூக்கத்தில் தேடுகிறவர்கள் போல இருந்தார்கள்.

கஸ்தூரி அங்கிருந்துதான் வந்தார். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் ஓலைப் பறி, அதற்குள் துள்ளும் இறால். நான் ஏதும் சொல்வதற்குள் கூண்டின் முன்னால் குந்திவிட்டார்.

“ஜில்லு! அடிப் பாவி மவளே! எங்கடி இருந்த?”

“இராயபுரத்துல” என்றேன், மேடத்தின் சார்பாக.

“இராயபுரமா? வூட்டத் தாண்டிப் போயிட்டியா? விஜயவாடாலேர்ந்து இம்மாந் தூரம் வந்து, வூட்டத் தாண்டிப் போயிட்டியாடி?”

கதையைச் சொன்னேன். கடிதங்களைப் பற்றியும் சொன்னேன்.

“லெட்டரா? இன்னான்னு எழுதினீங்க?”

“‘தங்கள் உடைமை எங்கள் வசம் உள்ளது, முப்பது நாளுக்குள் பெற்றுக்கொள்ளவும்’னு.”

அவர் டில்லியைப் பார்த்தார். டில்லி வானத்தைப் பார்த்தார்.

“ரெக்கைல போன் நம்பரு அடிச்சிருந்தேனே சார்?”

“கடைசி நாலு எண் ரத்தத்துல அழிஞ்சுபோயிருந்தது.”

அவர் மேடத்தை வெளியே எடுத்து, வலது இறக்கையை விசிறி மாதிரி விரித்து, ஒவ்வோர் இறகாகத் தடவினார். நான் கோப்பு பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்த்தார்.

“இது ஆறி எத்தினியோ நாளாவுது. பறக்குமா?”

“எதிர்வீட்டுத் தொட்டி வரைக்கும். அதுக்கு மேல முடியாது.”

“யாரு சொன்னது முடியாதுன்னு? தொட்டி வரைக்கும் போவறது இங்கயும் வரும் சார். அது வரல. அவ்ளோதான்.”

பறிக்குள் இறால் சரசரத்தது.

“நீங்க எடுத்துக்கறதா இருந்தா எடுத்துக்கங்க” என்றேன். குரல் அலுவலகக் குரலாக வந்தது, அதை மாற்ற முடியவில்லை.

“எடுத்துக்கினு? அவளுக்கு இஷ்டமில்லாம பூட்டி வெக்கவா? நீங்க கொண்டுபோனாலும் அங்க பூட்டிதான் வெக்கணும். வயசான புறாவப் புது வூட்டுக்குப் பழக்க முடியாது. தொறந்தீங்கன்னா கெளம்பிடும்.” எழுந்து நின்றார். “ரெண்டு பேரும் பூட்ட வேணாம். மாடில வுடுவோம். அவளே சொல்லட்டும்.”

“அத்தச் சொல்லு. பஞ்சாயத்து முடிஞ்சிச்சு” என்றார் டில்லி.

1.20. கஸ்தூரி வீட்டு மொட்டை மாடியில் சாராயப் பெட்டிப் பலகையில் செய்த இருபது பொந்துகள். மேடத்தை நடுவில் விட்டார்கள். அவள் தயங்காமல் கீழ் வரிசையில் மூன்றாவது பொந்தை நோக்கி நடந்தாள். அதுதான் அவளுடைய பழைய இடமாம். உள்ளே ஒரு ஜோடி குடியிருந்தது. தலையை நீட்டிய மேடத்தை ஆண் புறா ஒரே கொத்தில் வெளியே தள்ளியது. அவள் சண்டை போடவில்லை. மூங்கில் கழிமேல் ஏறி உட்கார்ந்து, புகைபோக்கியை, கழிமுகத்தை, கஸ்தூரியை, என்னை என்று வரிசையாகப் பார்த்தாள். பிறகு எழும்பினாள்.

அவ்வளவு உயரத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. ஒரு வட்டம், கழிமுகத்துக்கு மேலே. இன்னொன்று, எங்கள் தலைக்கு மேலே, இன்னும் பெரிதாக. வெயிலில் இறக்கையின் உட்புறம் வெள்ளி போல ஒரு கணம் மின்னியது. மூன்றாவது வட்டத்தை முடிக்காமல் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு ஒரே கோடாகப் போனாள்.

“தெக்கால போவுது” என்றார் கஸ்தூரி. கண்ணுக்கு மேல் வைத்த கையை எடுக்கவில்லை. முகம் கொஞ்சம் வாடி, பிறகு சிரித்தது. “ஓ, அப்டியாடி? போ, போ.”

தெற்கே பதினான்கு கிலோமீட்டரில் இருந்தது பூட்டிய ஒரு வீடு.

நாங்கள் கீழே வந்து சாப்பிட்டோம். சோறும் இறால் தொக்கும். நான் என்ன சாப்பிட்டேன் என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது. கைப்பேசியை இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். 1.41-க்கு அது அடித்தது.

“சார், ஒரே பேஜாராப் போச்சு” என்றார் காதர் பாய். “உங்க மேடம் பால்கனில வந்து குந்திகினு கீது. வண்டிலேர்ந்து குதிச்சிடுச்சா இன்னா?”

“இல்ல பாய். அவளே வந்தா.”

“மூச்சு வாங்குது. தண்ணி வெச்சுட்டேன். கம்பு எங்க?”

மூன்று கிலோ கம்பு என்னோடு லாரியில் இருந்தது. வாங்கிப் போடச் சொன்னேன். பால்கனிக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

“போடறேன், நமக்கு இன்னா கஷ்டம். அத்த வுடுங்க, நாலு மணிக்கு பார்ட்டி வரானே. அவன்கிட்ட இன்னா சொல்றது?”

கஸ்தூரியும் டில்லியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“வீட்ல ஆள் இருக்குன்னு சொல்லுங்க பாய்.”

2.15. கம்பு மூட்டையைக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். லீவுக்கு வரும்போது ஜில்லுவை ஒரு நாள் கொண்டுவந்து காட்டச் சொன்னார். “பாத்துட்டு அனுப்பிடறேன். அவளுக்குத்தான் வழி தெரியுமே.” லாரி எர்ணாவூருக்குத் திரும்பி, மணலி வழியாக வடக்கே ஏறியது. காலிக் கூண்டு எங்களுக்கு நடுவில் ஆடிக்கொண்டே வந்தது. ரசீதில் ‘உயிருடன்’ என்றிருந்ததை நான் அடிக்கவில்லை. சரக்கு குறைந்து சேர்ந்தால் பெறுநர் புகார் எழுதலாம். இங்கே அனுப்பியவனும் நான், பெறுபவனும் நான். புகார் எழவில்லை.

சூலூர்ப்பேட்டை தாண்டி ஒரு டீக்கடையில் நின்றபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. டீ இங்கே பன்னிரண்டு ரூபாய். காற்றில் சாம்பல் இல்லை. துடைக்க ஒன்றும் இல்லாத பெஞ்சைப் பழக்கத்தில் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து மரத்தில் யாருடைய வளையமும் இல்லாத புறாக்கள் அடங்கிக்கொண்டிருந்தன. பெட்டியிலிருந்து படிவத்தை எடுத்து, மிச்சமிருந்த கட்டத்தில் கதவு எண், தெரு, இராயபுரம் என்று எழுதி முடித்தேன்.