பூஜையில் வைத்த ஊசி

"மாஸ்டர் போயிட்டாருங்க. ஊட்டுக்கு வாரீங்களா, எப்படி?" நெருப்பெரிச்சலில் நான் இப்போது வேலை செய்யும் கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு, பழைய கம்பெனியில் என்னோடு வேலை செய்த தங்கராஜ் கேட்டான். ஷிப்ட் முடிந்து வருகிறேன் என்றேன். பிறகு போனேன்.

நல்லூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் மாரப்பனோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

அவர் கத்தியைக் கைக்குக் கை தரமாட்டார். மேசையில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் தந்தால் சண்டை வருமாம். "பொறந்த கொழந்தைக்குத் தலமாட்டுல கத்தி வெக்கறம். கருப்பராயனுக்குக் கத்தி குடுத்துக் கும்பிடறம். ஊசியப் பாத்தா மட்டும் மொகத்தச் சுளிக்கறாங்க" என்பார்.

அவருக்குச் சர்க்கரை நோய். மதியச் சோற்றுக்கு முன் வேஸ்ட் துணி அறையில் இன்சுலின் போட்டுக்கொள்வார். யாரும் வராமல் பார்த்துக்கொள்ள, அவருக்குக் கையாளாக இருந்த நான் வாசலில் நிற்பேன். "மயக்கம் போட்டு உழுகற ஆளுகிட்டக் கத்தியக் குடுப்பாங்களா கண்ணு? தெரிஞ்சா மடிக்கற வேலைக்குத் தள்ளீருவாங்க."

ஒரு வருடம் ஆயுத பூஜையில் கத்தி, கத்தரி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். அவரை நிற்க வைத்திருந்த ஆயுதம் எதுவென்று எனக்குத் தெரியும். அவர் ஒளித்து வைக்கும் சோப்பு டப்பாவிலிருந்து இன்சுலின் ஊசியை எடுத்து, பொட்டு வைத்து, கத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள் என நம்பினேன். முட்டாள்தனம்தான்.

முதலாளி கேட்டார். "எவன்டா இங்க போதை ஊசி போடறவன்?"

"டாக்டரு வேலைக்கும் ஆளெடுத்துட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

மாரப்பன் சொன்னார்: "இந்தப் பையன்தானுங்க வெச்சான். அவன் பையில இருந்துதான் எடுத்தானுங்க."

முன்னது உண்மை, பின்னது பொய். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் கையில் கத்தி இருந்திருக்காது. திறக்கவில்லை. பூஜைப் பொரி கையில் இருக்கும்போதே என்னை வெளியே அனுப்பினார்கள். போதை ஊசிக்காரன் என்று அடுத்தடுத்த கம்பெனிகளிலும் வாசலோடு திருப்பினார்கள்.

மறு வருடமே அவர் மேசையில் மயங்கி விழுந்தார். விஷயம் தெரிந்ததும் மடிக்கும் வேலைகூடத் தரவில்லை. இத்தனை வருடம் வெட்டிக் கொடுத்த மனிதனை ஆட்டோவில் ஏற்றி விட்டுவிட்டு, மேசைக்கு வேறு ஆள் போட்டார்கள்.

இழவு வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தப்புப் பண்ணீட்டன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு, சாமி."

மனைவியிடம் அழுதிருக்கிறார். நல்லூரிலிருந்து நெருப்பெரிச்சலுக்கு வர அவருக்கு வழி தெரியாமல் இல்லை.

மாரப்பனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது கோபம்தான். அதில் பெரும்பங்கு, நோயாளி என்று தெரிந்ததும் ஆளைக் கழித்துக்கட்டும் முதலாளிக்குச் சேர வேண்டியது. தெரிந்தும் என்னால் பிரித்துக் கொடுக்க முடியவில்லை. முதலாளிக்காக நான் ஒருநாளும் வாசலில் காவல் நின்றதில்லை.