மட்டாஞ்சேரிக்கு ஒரு பேசும் பாட்டுப்பெட்டி

காலை 6.20. கோவையிலிருந்து ரயில் நகர்ந்தது. எர்ணாகுளம் ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். பையில் மாற்று வேட்டி ஒன்று, பழைய லேப்டாப், சரசு அக்காவுக்குப் பிடித்த மொறுமொறு வர்க்கி ரொட்டி ஒரு பொட்டலம். இவற்றுக்கு நடுவே துண்டில் சுற்றி ஒரு பாட்டு ப்ளேயர். சீட்டுக்கட்டில் பாதிதான் இருக்கும். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் நானூறு ரூபாய்க்கு வாங்கியது.

அக்கா மட்டாஞ்சேரிக்கு வாக்கப்பட்டுப் போய் முப்பது வருடம். சுக்குக் கிடங்கில் சுக்கைத் தரம் பிரிக்கிற வேலை. கண்ணில் அழுத்தம் ஏறி, போன வருடத்தோடு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதற்கெல்லாம் அவள் அழுததாக எனக்குத் தெரியாது. ஆனால் போன மாதம் போனில் ஒன்று சொன்னாள்:

"பாட்டு இல்லாம நான் சோறு வடிச்சதில்லடா. இப்ப, பாட்டுப் போடுங்க, பாட்டுப் போடுங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக் கேட்டு எனக்கே நாணக்கேடாயிட்டு. அதனால பாட்டே வேண்டாம்னு விட்டுட்டேன்."

இந்தப் பயணம் அந்த ஒரு பேச்சுக்காகத்தான்.

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன். கம்ப்யூட்டர் எல்லாம் தட்டித் தடவிப் பழகியதுதான். இந்த மாதிரிப் பழைய ப்ளேயர்களுக்கென்று, ஊர் பேர் தெரியாத பல பேர் சேர்ந்து ஒரு இயங்குதளம் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் கைகழுவிய சாமானுக்கு இவர்கள் உயிர் கொடுக்கிறார்கள். அதில் என்னை மயக்கிய விஷயம், அது பேசும். பட்டனை அழுத்தி ஒவ்வொரு பாட்டுத் தொகுப்பாக நகர்ந்தால், அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லும். பெயரை நம் குரலிலேயே பதிந்தும் வைக்கலாம். நான்கு ராத்திரி உட்கார்ந்து அக்கா காலத்துப் பாட்டுகளைச் சேர்த்து, வருடவாரியாகப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பெயர்களைப் பதிந்திருந்தேன்.

10.50. எர்ணாகுளம் படகுத்துறை. மட்டாஞ்சேரிப் படகுக்கு ஆறு ரூபாய் டிக்கெட். வடக்கே வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் நீலமாகத் தெரிந்தன. பக்கத்தில் ஒரு கட்டட மேஸ்திரி, திண்டுக்கல்காரர். என் கையிலிருந்த ப்ளேயரைப் பார்த்தார்.

"போன்லயே எல்லாம் வருதே, இது எதுக்குண்ணே?"

"போனுக்குக் கண்ணு வேணும். இதுக்கு விரல் போதும்."

வாங்கிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்திப் பார்த்தார். என் குரல் வந்தது: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு.'

"அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா ரேஷன் கடையில நம்பர் கூப்பிடுற மாதிரி இருக்குண்ணே."

சிரித்து மழுப்பினேன். வில்லிங்டன் தீவில் அவர் இறங்கிப் போனார். சொன்னது மட்டும் இறங்கவில்லை.

11.30. பஜார் ரோட்டில் மிளகு வாசனை மூக்கில் ஏறியது. அக்கா வீடு கிடங்குச் சந்துக்குள், ஓட்டு வீடு. அன்றைக்கு லீவு போட்டிருந்த அக்கா வீட்டுக்காரர் மணி மாமா சாயா போட்டுக் கொடுத்தார். பிறந்ததிலிருந்து கொச்சிக்காரர், தமிழை மலையாளத்தில் முக்கி எடுத்துப் பேசுவார்.

ப்ளேயரை அக்கா கையில் வைத்தேன். விரல்கள் ஒரு சுற்றுச் சுற்றின. நல்ல சுக்கையும் சொத்தைச் சுக்கையும் தொட்டே பிரித்த விரல்கள். பட்டன்களைப் படித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகவில்லை. அழுத்தினாள். எழுபத்தாறு. எழுபத்தேழு. எழுபத்தெட்டு. முகத்தில் வெளிச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஏண்டா, இதுல எதுல என்ன பாட்டு?"

"வருஷம் சொல்லுதேக்கா."

"எந்த வருஷம் எந்தப் பாட்டு வந்துச்சுன்னு யாருக்குடா தெரியும்? அதுக்கும் இனி ஒருத்தர்கிட்ட நான் கேக்கணுமா?" என்று திருப்பி என் மடியில் வைத்துவிட்டாள்.

மாமா மெதுவாக, "அவன் கஷ்டப்பட்டு உண்டாக்கினதல்லே சரசு" என்றார். சாயா டம்ளரைக் கீழே வைத்தேன். என் அலமாரியை அடுக்குவது மாதிரி அவள் பாட்டுகளை அடுக்கியிருக்கிறேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். "சரி, நீயே சொல்லு. இந்தப் பாட்டு உனக்கு என்ன?" என்று ஒன்றைப் போட்டேன்.

"இதா? சுக்குப் பொறுக்கிட்டே நாங்க பாடுறது."

அடுத்தது. "இது கரண்ட் போனா பாடுறது."

அடுத்ததற்கு அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "இது உங்க மாமா கோவிச்சுக்கிட்டா நான் போடுறது. ரெண்டாவது சரணத்துக்குள்ள இறங்கி வந்துரும் மனுஷன்."

"எடீ! இத்தனை வருஷம் இதுதானா காரியம்!" என்றார் மாமா.

சாப்பாட்டையும் மறந்து மூன்று மணி வரைக்கும் பிரித்தோம். பதினோரு பெயர்கள் ஆயின. பெயர்களை அவள் குரலிலேயே பதியலாம் என்று மைக்கை நீட்டினேன். தள்ளிவிட்டாள்.

"என் குரலைத்தான் நாள் முழுக்கக் கேக்கிறேனே. நீயே சொல்லு. ஆனா ரயில் அறிவிப்பு மாதிரி வேண்டாம். தின்னுட்டே பேசுவியே, அது மாதிரி."

வர்க்கியை வாயில் போட்டுக்கொண்டுதான் பதிந்தேன். ஒயரைச் செருகி ப்ளேயருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

4.20. 4.40 படகைப் பிடிக்கவேண்டும். "அக்கா, வரட்டுமா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

"சரசு, உன் தம்பி இறங்குறான்."

"சும்மா இருங்க. தேடிட்டிருக்கேன்."

எப்போதும் சந்து முனை வரைக்கும் வந்து, பையில் எதையாவது திணித்து அனுப்புகிறவள். இன்று எழுந்திருக்கவே இல்லை. மனசு கொஞ்சம் சுணங்கத்தான் செய்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஜன்னலைத் தாண்டும்போது என் குரல் கேட்டது, வாய் நிறைய வர்க்கியோடு: 'கரண்ட் போனா.' ஒரு பட்டன் சத்தம். 'மாமா கோவிச்சுக்கிட்டா.' அங்கே விரல் நின்றது. அழுத்தினாள். பாட்டு வந்தது.

"நான் கோவிக்கவே இல்லையே!" என்றார் மாமா உள்ளேயிருந்து.

"அதனால என்ன, எனக்குக் கேக்கணும் போல இருக்கு."

கோவையில் என் பட்டறையில் போன் நாள் முழுக்கப் பாடுகிறது. அது ஊட்டுவதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியாக நானாகத் தேடி ஒரு பாட்டைப் போட்டது எப்போது என்று ஜன்னலோரச் சுவரில் சாய்ந்துகொண்டு யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

இரண்டாவது சரணம் முடிந்தது. 4.40 படகை இனிப் பிடிக்க முடியாது. உள்ளே மறுபடியும் பட்டன் சத்தம். அவள் அடுத்ததைத் தேடத் தொடங்கியிருந்தாள். அடுத்த படகையும் விட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.