காரணத்தை எழுதுங்க

அந்த நீல நிற ஐஸ் பெட்டி இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அங்கன்வாடி வாசல் பெஞ்சில், உள்ளே தடுப்பூசி மருந்துகளோடு, காலையிலிருந்து மூடி திறக்காமலே கிடந்தது. பக்கத்தில் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்த கிராம சுகாதாரச் செவிலியர். நர்சம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். செஞ்சியிலிருந்து தொண்டூர் போகிற வழியில் இருக்கிற எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கா பஞ்சம்? இருந்தும் ஒரு தாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. அங்கன்வாடி டீச்சரான நான் தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டு, தொண்டை வற்றித் திரும்பி வந்தேன். "உக்காருங்க டீச்சர், வருவாங்க" என்றார் நர்சம்மா. எனக்கு அவர் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஏன் வரவில்லை என்று ஊருக்கே தெரியும். நர்சம்மாவின் இரண்டு கைகளிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி. அது ஒட்டுகிற நோயே இல்லை என்று டாக்டர் வந்து சொல்லியும் யார் காதில் ஏறியது? பால் சொசைட்டிக்காரர் வீட்டு மருமகள் முதல் நாளே, "தொடாதீங்க" என்று குழந்தையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஊசி போட்டுக்கொண்ட ஒன்றிரண்டு குழந்தைகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய் மஞ்சள் தண்ணீரில் தொடையைக் கழுவினார்கள். இன்னொருத்தி என்னைத் தனியாக அழைத்து, "டீச்சர், மருந்த மட்டும் வாங்கி நீங்களே போட்டுடக் கூடாதா?" என்றாள். "நான் போட்டா நேரா போலீஸ் ஜீப்புதான் வரும்டி" என்று கத்திவிட்டு வந்தேன். நர்சம்மாவிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். நல்லெண்ணத்தில்தான் கேட்டேன். "கைய மறைச்சுக்கினு எப்படி டீச்சர் ஊசி போடுறது? இதான் என் கை. பாத்துப் பழகட்டும்" என்றார். வெயிலானாலும் மழையானாலும் செஞ்சியிலிருந்து அதே ஸ்கூட்டி, அதே அரைக்கை ரவிக்கை. ராத்திரி எந்தக் குழந்தைக்கு ஜுரம் என்று போன் வந்தாலும் எடுத்துப் பேசுவார். அப்படிப் போன் செய்தவர்களும் மறுநாள் அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது சொம்பைத் தரையில்தான் வைத்தார்கள். நான் காலனியில் பிறந்தவள். தரையில் வைக்கிற சொம்பின் அர்த்தத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகுதான் அந்தக் கிராமசபை வந்தது. 'ஊர் நலன் கருதி வேறு செவிலியரை நியமிக்கக் கேட்டுக்கொள்வது' என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப் போவதாகக் காதில் விழுந்தது. அது நிறைவேறி மேலே போனால் நர்சம்மாவை எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். போகிற இடத்துக்கு அவருக்கு முன்னாலேயே இந்தப் பேச்சும் போய்ச் சேர்ந்திருக்கும். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

ஊராட்சிச் செயலர் தீர்மானத்தைப் படித்து முடித்ததும் நர்சம்மா எழுந்தார். "ஊர் நலன்னா இன்னா தலைவரே? நான் ஊசிய மாத்திப் போட்டுட்டேனா? வேலைக்கு வராம இருந்தேனா? காரணத்த எழுதுங்க. இவ தோல்ல வெள்ளை இருக்குது, அதனால வேணாம்னு எழுதுங்க. எழுதிப் படிச்சுக் காட்டுங்க, நானே மொதல் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

செயலர் பேனாவைத் திறந்தபடி தலைவரைப் பார்த்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் தூரத்து மலைமேல் தெரிகிற ராஜகிரிக் கோட்டையை அன்றைக்குத்தான் புதிதாகக் கட்டியது மாதிரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. "அப்படியெல்லாம் எழுத முடியுமா நர்சம்மா?" என்றார் தலைவர். "இத்தினி நாளா பேச முடிஞ்சுதே, எழுத முடியாதா?" என்றார் இவர். குரல் உயரவில்லை. கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். கடைசியில் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "அட, தெரு லைட்டு எரியல, அதப் பேசுங்கப்பா" என்றார். தீர்மானம் அப்படியே அமுங்கிப் போனது. அம்மாடி, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அந்த மனுஷியைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டேன்.

அடுத்த புதன்கிழமை, ஊசி போடுகிற நாளில், ஊர் திரண்டு வந்துவிடவில்லை. பால் சொசைட்டி மருமகள் மட்டும் மாமியாருக்குத் தெரியாமல் குழந்தையோடு வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அதெல்லாம் அப்பறம். கொழந்தைய நல்லா மடியில புடி, ஆட்டிடப் போவுது" என்று ஊசியை எடுத்தார் நர்சம்மா. அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், பிறகு இன்னொருத்தி. எங்கள் ஊர் அவர் கைக்குப் பழக வருஷங்கள் ஆயின.

போன மாதம் அவருக்குப் பணி ஓய்வு. அங்கன்வாடியிலேயே விழா வைத்தோம். இப்போது முன்னாள் ஆகிவிட்ட அந்தத் தலைவர் சால்வை போர்த்தி, "நர்சம்மா எங்க ஊருக்குக் கெடச்ச வரம்" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். பழைய கதையை ஒருத்தரும் தொடவில்லை. நர்சம்மா நன்றி சொல்ல எழுந்தார். எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, சிரித்த முகமாகவே, "ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அன்னிக்கிக் காரணத்த எழுதச் சொன்னேன். இது வரைக்கும் யாரும் சொல்லல. நான் போறதுக்குள்ள சொல்லிடுங்க" என்றார்.

பாதிப் பேர் சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. பால் சொசைட்டி மருமகள் எழுந்தாள். இப்போது அவளே ஒரு மாமியார். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே நின்றாள்.

"காரணம் ஒண்ணுமில்ல நர்சம்மா" என்றாள்.

நர்சம்மா அவள் பக்கம் திரும்பினார். "அதையாவது அன்னிக்கி எழுதியிருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.