அவர் வைக்கும் மிச்சம்

என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் முதல் வேலை, தட்டில் இருப்பதைத் தரம் பிரிப்பது. கறிவேப்பிலை ஒரு ஓரம், கடுகு ஒரு ஓரம், தக்காளித் தோல் ஒரு ஓரம். ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை அவருக்கு. கடைக்கு வருகிறவர்கள் ஒரு மலையையே புரட்டிப் பார்த்துவிட்டு "வேற டிசைன் இல்லையா" என்று கேட்டாலும் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டைப் பிரிப்பார். அங்கே காட்டுகிற பொறுமைக்கெல்லாம் சேர்த்து வீட்டில் என் குழம்பைப் பழிவாங்குகிறார் என்பது என் கட்சி.

கத்தரிக்காயில் விதை இருந்தால் ஆகாது. கீரையில் தண்டு வந்தால் ஆகாது. முதல் நாள் குழம்பு எவ்வளவு மணத்தாலும் ஆகாது. மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்று ஊரே சொல்லும், அவருக்கு அதுவும் ஆகாது. ரேஷன் அரிசியை எத்தனை தண்ணீர் மாற்றிக் களைந்து வடித்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிடுவார். "இன்னைக்கு ரேசன் அரிசியா?" என்பார். கோபமாகக் கேட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம். அவர் வருத்தமாகக் கேட்பார். அதற்கு என்ன செய்வது?

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டுதான் நான் உடம்பைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். புதுக்கோட்டையில் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அளவு எனக்கு மனப்பாடம். என் அளவை மட்டும் எடுத்ததில்லை, எடுக்கத் தைரியமும் இல்லை. ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை எல்லையில் வந்து நிற்கிறது என்றார். "எடையக் கொறைச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா. கொறைஞ்சிருச்சுன்னா மாத்திரை வேண்டாம். கொறையலன்னா ஆரம்பிச்சிரலாம்." சாதாரணமாகத்தான் சொன்னார்.

எனக்கு அது சாதாரணமாக இல்லை. என் அம்மாவும் மாத்திரையில்தான் ஆரம்பித்தாள். மாத்திரை ஊசியாகி, காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் புரையோடி, கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். எல்லாருக்கும் அப்படி ஆகாது, கவனிக்காமல் விட்டால்தான் ஆகும் என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். புத்திக்குப் புரிந்தது. ஆனால் பயம் புத்தியைக் கேட்டுக்கொண்டா வருகிறது? டவுன் பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்க என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளிடம் சொன்னேன். அவள் ஃபோனில் வீடியோவாக அனுப்பித் தள்ளினாள். காலையில் ஓட்ஸ், மத்தியானம் ப்ரோக்கோலி, சாயங்காலம் ஒரு கைப்பிடி பாதாம், ராத்திரிக்கு பட்டர் ஃப்ரூட். அந்த வீடியோக்களில் வருகிற பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே ஒல்லியாக இருந்தார்கள். "இதெல்லாம் வாங்குனா ஒன் ஹாஸ்டல் பீஸ யாருடி கட்டுறது?" என்று கேட்டேன். "அப்ப இருக்கறத வச்சு ஏதாச்சும் பண்ணும்மா" என்றாள். அதோடு வீடியோ வருவது நின்றது.

இருப்பதை வைத்துத்தான் செய்தேன். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்மவர்கள் வீடியோ இல்லாத காலத்திலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், சுரைக்காய்க் கூட்டு, வாழைத்தண்டு, பக்கத்து வீட்டு மரத்து முருங்கைக்கீரை, கம்பஞ்சோறு. உழவர் சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போனால் காய் மலிவு. விடிந்ததும் புதுக்குளம் கரையில் நடந்தேன். மகள் சின்னப் பிள்ளையில் சாப்பிட்ட குட்டித் தட்டைத் தேடி எடுத்து எனக்கென்று வைத்துக்கொண்டேன். பாதித் தட்டு காய், ஒரு கரண்டி சோறு, அவ்வளவுதான். ஆளுக்கொரு சமையல் செய்ய வசதி இல்லாததால் அவருக்கும் அதே கொள்ளுதான், அதே சுரைக்காய்தான். சோறு மட்டும் அவர் பெரிய தட்டில் வழக்கம்போல.

முதல் நாள் ரசத்தை மோந்து பார்த்துவிட்டு, "இது குதிரைக்கு வைக்கிறதுல்ல?" என்றார்.

"ஆமா. எங்கயாச்சும் குதிரை தொப்பையோட நிக்கிறதப் பாத்திருக்கீங்களா?"

அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். மோருக்கு மாறிக்கொண்டார். ரசம் தட்டிலேயே நின்றது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு மாதம் ஓடியது. மருந்துக்கடை வாசலில் இருக்கிற எடை மெஷினில் ஏறினேன். நம்பர் அசையவில்லை. மெஷின் ரிப்பேர் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவரே ஏறி நின்று காட்டினார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. சில நாள் கழித்து மறுபடி போனால் அரைக் கிலோ கூடியிருந்தது. அன்றைக்கு வந்த கோபத்தில் ஒருத்தி ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தது. இது அம்மாவின் உடம்பு, பட்டினி கிடந்தாலும் அவள் போன வழியில்தான் போகும் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கடையில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று அவருக்கு நாலைந்து நாள் லீவு கிடைத்தது. லீவில் வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைக்கு வேறென்ன வேலை? அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மேற்பார்வை பார்த்தார். எண்ணெயைக் கூடுதலாக ஊற்றுகிறேனாம், கேஸைக் குறைத்து வைக்க வேண்டுமாம். கரண்டியை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதே எனக்குப் பெரிய விரதமாக இருந்தது.

மத்தியானம் கூட்டில் பாதியும் சோற்றில் கொஞ்சமும் அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார். நான் என் குட்டித் தட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கறிவேப்பிலையையும் கடுகையும் தள்ளிவிட்டு மிச்சத்தை வழித்து வாயில் போட்டேன். ரசச் சட்டியின் அடியில் கொஞ்சம் கிடந்தது. அதில் ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிசைந்து சட்டியைச் சுத்தம் செய்தேன். காலையில் முறுகவில்லை என்று அவர் ஒதுக்கிய தோசை ஒன்று மூடியிருந்தது. அதையும் சுருட்டி முடித்துவிட்டுப் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டேன்.

"இப்ப என்ன சாப்பிட்ட?" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"நான் எங்க சாப்பிட்டேன்? பாத்திரம் கழுவுறேன்."

"தோசை தின்னியே."

"அது நீங்க வச்ச மிச்சம்."

"மிச்சம்னா ஒடம்புல ஒட்டாதா?"

கிண்டல் செய்கிறார் என்று சண்டைக்குத் தயாராகத் திரும்பினேன். முகத்தில் கிண்டல் இல்லை. மனிதர் நிஜமாகவே சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடுகளில் தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சாப்பாடு. பெண்கள் அடுப்படியில் நின்றுகொண்டு வழித்துப் போடுவதை யாரும் சாப்பாடு என்று சொல்லிக் கேட்டதில்லை. அது வீட்டு வேலையில் சேர்த்தி. சோற்றைக் கொட்டினால் பாவம், அதுவும் இந்த விலைவாசியில். குடுமியான்மலைப் பக்கம் என் பிறந்த ஊரிலாவது மிஞ்சியதை மாட்டுக் கழுநீரில் ஊற்றலாம். இந்த வாடகை வீட்டில் மாட்டுக்கு எங்கே போவது? கல்யாணமான நாளிலிருந்து கழுநீர்த் தொட்டி நான்தான். டாக்டரம்மா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோதுகூடத் தட்டில் வைத்துச் சாப்பிட்டதை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை, சத்தியமாக மற்றது ஞாபகத்துக்கே வரவில்லை.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அவருக்கு. சிரித்து முடித்ததும் வழக்கம்போலச் சண்டை வந்தது.

"நீங்க மிச்சம் வைக்காம சாப்பிட்டா நான் ஏன் திங்கப் போறேன்?"

"நான் கேட்டா போடுற? போதும்னு கைய வச்சு மறிச்சாலும் கைமேலயே போடுறியே. நான் அம்புட்டையும் எப்படித் திங்கிறது?"

அதுவும் நியாயம்தான். ஆம்பிளைக்கு அள்ளி வைக்க வேண்டும், குறைத்து வைத்தால் குடும்பத்துக்கே குறை என்று என்னை வளர்த்துவிட்டார்கள். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். இனி அவர் சோற்றை அவரே போட்டுக்கொள்வார். தட்டில் மிச்சம் வைத்ததை ராத்திரிக்கு அவரே சாப்பிட வேண்டும். என் கை அவர் தட்டுக்குப் போகக் கூடாது.

ஆறிப்போனதைத் தொடாத மனிதர், அன்று ராத்திரி தான் வைத்த சுரைக்காயைத் தானே சாப்பிட்டார். அந்த முகத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து தட்டில் கொஞ்சமாகத்தான் விழுந்தது. உலை வைக்கும் அரிசியும் தானாகவே குறைந்தது. மாதக் கடைசியில் அரிசி டப்பாவில் அடி தெரியவில்லை. எனக்கோ சட்டியை வழிக்காமல் கழுவும்போது ஏதோ திருடுகிற மாதிரி இருக்கும். பழகப் பழகச் சரியானது. ஜாக்கெட் தொளதொளத்தது. என் ஜாக்கெட்டை நானே பிடித்துத் தைத்துக்கொண்ட அன்று தெருவில் எல்லாரிடமும் சொன்னேன்.

டாக்டரம்மா சொன்ன நாளில் அவர் கடையில் பர்மிஷன் போட்டுவிட்டு வண்டியில் கூட்டிப்போனார். ரத்தம் கொடுத்துவிட்டு ரிசல்டுக்காக உட்கார்ந்திருந்தோம். சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, "மாத்திரை வேண்டாம்மா. இப்படியே பாத்துக்கங்க" என்றார். வெளியே ஓடி வந்து அவரிடம் சொன்னேன். அவர் "சரி, வண்டில ஏறு" என்று மட்டும் சொன்னார். பெரிய சந்தோஷம் ஒன்றும் காட்டவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை.

வீட்டில் காலையிலேயே செய்துவைத்த கம்பஞ்சோறும் முருங்கைக்கீரையும்தான் இருந்தன. இரண்டுமே அவருக்கு ஆகாதவை. கீரையில் நாலைந்து தண்டு வேறு தப்பி விழுந்திருந்தது. அவர் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து விழுங்கினார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அதான் நல்லா வந்திருச்சே. பிடிக்கலன்னா வச்சிருங்க, ராத்திரிக்கு வேற செய்றேன்" என்றேன்.

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வச்சா நீ தின்னுருவ" என்றார். தண்டோடு ஒரு வாய் கீரையை மென்று விழுங்கிவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. இந்த மூன்று மாதமும் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். சந்தோஷமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. என் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு பேரும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தோம்.