ஜன்னல் கரி

என் தங்கையின் வீட்டுக்காரரைப் பலூன்காரர் என்று சொன்னால்தான் தெருவில் தெரியும். பிறந்தநாள் வீடுகளில் பலூன் கட்டுவது அவர் தொழில். எந்த வேலைக்குக் கிளம்பினாலும் முதல் பலூனை மகள்தான் ஊதித் தர வேண்டும். அவள் வாய்க் காற்று ராசி என்பார். எட்டு வயதாகும் அவளால் இப்போது பாதிப் பலூன்கூட ஊத முடிவதில்லை. உடனே இழுப்பு வந்துவிடுகிறது.

காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தெருக்கோடியில் பழைய டயர்களை எரித்து எண்ணெய் எடுக்கும் ஆலை. காலையில் துடைத்த ஜன்னலில் மாலைக்குள் மறுபடி கரி. மாப்பிள்ளையும் நானும் ஆலைக்குப் போய் முதலாளியிடம் முறையிட்டோம்.

"இந்தப் புகையால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. புள்ளைக்கு நல்லாச் சாப்பாடு போடுங்க" என்று அனுப்பிவிட்டான்.

நாங்கள் சாப்பாடு போடவில்லையாம். மாப்பிள்ளை அன்றிலிருந்து ஜன்னல் கரியைக் கொட்டாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வந்தார்.

பிறகு அதே முதலாளி வீட்டிலிருந்து, மகன் பிறந்தநாளுக்குப் பலூன் கட்ட ஆள் வந்தது. எங்கள் முகமெல்லாம் அவனுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? ஏணி பிடிக்க நானும் போனேன். கேக்குக்கு நேர் மேலே ஒரு பெரிய பலூனைத் தொங்கவிட்டு, வெட்டும்போது உடைப்பார்கள். உள்ளிருந்து ஜிகினாத் தாள் கொட்டும். இந்த முறை ஜிகினாவுக்குப் பதில் டப்பாக் கரி போனது. புனலைப் பிடித்தவன் நான்தான். சந்தோஷமாகவே பிடித்தேன்.

கேக் வெட்டும் நேரம் பிள்ளைகள் எல்லாம் பலூனுக்கு அடியில் வந்து, வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றார்கள். ஊசி கட்டிய குச்சியை உயர்த்திய மாப்பிள்ளை, அவர்களைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கினார். மனம் மாறிவிடுவாரோ என்று எனக்குப் பதற்றம்.

"பசங்கல்லாம் செவுத்தோரம் போங்க கண்ணுங்களா. இன்னும் பின்னாடி. இது அப்பாவுக்கு மட்டும். சார், நீங்க நடுவுல வந்து நில்லுங்க."

பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். மாப்பிள்ளை குத்தினார். தலை, மீசை, வெள்ளைச் சட்டை எல்லாம் கரி.

"என்னய்யா இது?"

"உங்களோடதுதான் சார். எங்க வீட்டு ஜன்னல்ல கெடந்துச்சு. எம்பொண்ணு மூச்சுல போனது போக மிச்சம்."

அடிக்க வருவான் என்று நான் முன்னால் நகர்ந்தேன். அவன் எங்கள் பக்கமே திரும்பவில்லை. மகன் நின்ற பக்கம் பார்த்துவிட்டு மனைவியிடம் கத்தினான்.

"புள்ளைய வெளிய தூக்கிட்டுப் போ. மூச்சுல ஏறிடப் போகுது."

மாப்பிள்ளை ஏணியை மடக்கினார்.

"இவருக்குத் தெரியும்போல மச்சான்" என்றார்.