தண்ணீர் வற்றிய பிறகு

1. படுக்க முடியாதவர்

எஸ்தர் எங்கள் வார்டுக்கு வந்த அன்று அவரைக் கட்டிலில் படுக்க வைக்க முடியவில்லை. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து அதன்மேல் குப்புறச் சாய்ந்திருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. பெயரைக் கேட்டால்கூடக் கணவர்தான் பதில் சொன்னார்.

திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், நெஞ்சில் குழாய் போட்ட பேஷண்ட் என்றாலே ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்தாலும் காற்று சேர்ந்தாலும் நுரையீரல் விரிய இடமில்லாமல் அமுங்கிப்போகும். குழாய் அந்த நீரையோ காற்றையோ வெளியே விடும். வேலை அவ்வளவுதான். அந்தப் பயத்தை வார்டில் நாலு நாள் நின்றால் போக்கிவிடலாம். எனக்குப் பழக அதிக நாள் ஆனது வேறொன்று. அதற்காகத்தான் எஸ்தரைப் பற்றி எழுதுகிறேன்.

எஸ்தரும் கணவர் அருள்ராஜும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே பிழைக்க வந்தவர்கள். எஸ்தர் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். கணவர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நல்லூரில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. எஸ்தருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, ஊசி மருந்தெல்லாம் போட்டுத் திரும்ப வேலைக்கும் போயிருந்தார். அந்த நோய் மறுபடி நுரையீரல் உறையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தார். இதை டேப்பிங் என்போம். பால் சேர்க்காத டீயின் நிறத்தில் பாட்டில் நிறைய வந்தது. அன்று சாயங்காலம் எஸ்தர் எழுந்து நடந்தே பாத்ரூம் போனார். வீட்டுக்கும் அனுப்பினோம். சில நாளிலேயே அதே தலையணையோடு திரும்பி வந்தார். மறுபடி டேப்பிங், மறுபடி வீடு, மறுபடி வார்டு. ஒவ்வொரு முறையும் ஊசியைப் பார்த்ததும் கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வார்.

2. கட்டிங் மாஸ்டரின் கை

கடைசியில் டாக்டர், உள்ளேயே தங்கும் குழாய் போடலாம் என்றார். மெல்லிய சிலிக்கோன் குழாய். தோலுக்கு அடியில் கொஞ்ச தூரம் ஓடி உள்ளே போகும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒரு வால்வு இருக்கும். நீரை வீட்டிலேயே எடுக்கலாம். உள்ளே காற்றில்லாத வாக்குவம் பாட்டிலின் குழாயை வால்வில் செருகி, குழாயை அடைத்திருக்கும் கிளாம்ப்பைத் திறந்தால் பாட்டில் தானாக இழுத்துக்கொள்ளும்.

போடுவதற்கு முன் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். நானும் இருந்தேன்.

"இது நோய்க்கு வைத்தியம் இல்லீங்க. மூச்சு முட்டாம இருக்கறதுக்கு ஒரு வழி. ரெண்டும் வேற வேறங்க."

"சரிங்க டாக்டர்" என்றார் அருள்ராஜ்.

குழாய் போட்ட பிறகு அருள்ராஜுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் துணி வெட்டுதவன் சிஸ்டர். மனுச உடம்புல கை வைக்கச் சொல்லுதியளே."

"உடம்புல ஒண்ணும் கை வைக்க வேண்டாங்க தம்பி. குழாயோட முனையத்தான் தொடப்போறீங்க. மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

அடுக்கடுக்காகப் போட்ட துணியைக் கோடு பிசகாமல் வெட்டுகிற கை அது. அன்று வால்வைத் துடைக்கும் பஞ்சை இரண்டு முறை கீழே போட்டது. எஸ்தர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பயப்படாம செய்யுங்க. தொட்டா எனக்குச் சாயமொண்ணும் போவாது" என்றார்.

மூவரும் சிரித்துவிட்டோம். அதற்கப்புறம் அவர் பஞ்சைக் கீழே போடவில்லை.

வலித்தாலோ இருமல் வந்தாலோ உடனே கிளாம்ப்பை மூட வேண்டும். ஒரே தடவையில் அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. வால்வுக்குள் வேறு எதையும் நுழைக்கக் கூடாது, காற்று உள்ளே போய்விடும். எடுத்து முடித்ததும் மூடி போட்டு, குழாயைச் சுருட்டி, பஞ்சு வைத்து ஒட்ட வேண்டும். சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். டிஸ்சார்ஜ் ஆவதற்குள் பிளாஸ்திரியில் ஒரு சுருக்கம்கூட விழாமல் ஒட்டப் பழகிவிட்டார். எங்கள் நர்ஸ் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இப்படி ஒட்டணும்" என்று காட்டினேன்.

வீட்டுக்குப் போனபின் எஸ்தர் தேறினார். மல்லாந்து படுத்துத் தூங்கினார். பக்கத்து வீட்டுப் பெண்களோடு தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய் எல்லோரோடும் நின்று பாடினதை அருள்ராஜ் போனில் சொன்னார். "கொரலு எறங்கல்ல சிஸ்டர், பழைய கொரலுதான்" என்றார். இடையில் ஒருநாள் வார்டில் இருந்த எங்கள் எல்லோருக்கும் முறுக்கு சுட்டு அனுப்பியிருந்தார் எஸ்தர்.

3. மைசூர்பாகு

சில வாரம் கழித்து ஒரு காலை நேரம். ஓ.பி.யில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. அருள்ராஜ் ஒரு ஸ்வீட் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்துக்குள் நுழைந்து வந்தார்.

"தண்ணி வத்திட்டு சிஸ்டர்! ரெண்டு மூணு வாட்டியா பாட்டில் போட்டுப் பாத்துட்டேன், ஒரு சொட்டு வரல்ல. நல்லாயிட்டால்லா!"

செக்யூரிட்டி, சீட்டு போடும் பெண், வரிசையில் இருந்தவர்கள் என்று எல்லோர் கையிலும் ஒரு மைசூர்பாகு வைத்தார். அவருக்குப் பின்னால் பெஞ்சில் எஸ்தர் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஓடியிருந்தது.

எக்ஸ்ரே பார்த்தோம். குழாய் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. நுரையீரல் விரிந்து நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டதால் நீர் தேங்க இடமில்லை. சிலருக்கு அப்படி அமையும், அது நல்லதுதான். ஆனால் நோய் கல்லீரலுக்குப் போயிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. நீர் நின்றதற்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

குழாயை எடுப்பதற்காக எஸ்தரை புரொசீஜர் ரூமுக்குள் அழைத்துப்போனேன். அருள்ராஜ் வெளியே நின்றார். பிளாஸ்திரியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் கேட்டார்.

"சீக்கு போவல்லல்லா சிஸ்டர்?"

பிரித்த பிளாஸ்திரியைத் தட்டில் வைத்தேன்.

"டாக்டர் இப்ப வருவாரு கண்ணு. அவரையே கேட்டுக்கலாம்."

"கேக்கத்தான் போறேன். ஆனா எனக்குத் தெரியுது. சோறு எறங்கல்ல, கால்ல பலமில்ல. அவிய பாட்டிலப் பாத்துட்டு ஸ்வீட் வாங்கப் போயிட்டாவ. வேண்டாம்னு சொல்ல வாய் வரல்ல."

டாக்டர் வந்தார். எஸ்தர் கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னார். குழாயை எடுத்துத் தையல் போட்டார். பிறகு, "உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாம் டாக்டர். நானே சொல்லிக்கிடுதேன். சிஸ்டர் மட்டும் கூட நிக்கட்டும்."

டாக்டர் வெளியே போனதும் அருள்ராஜை உள்ளே கூப்பிட்டேன். கையில் பெட்டி அப்படியே இருந்தது. எஸ்தர் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தார்.

"தண்ணிதான் நின்னிருக்கு. சீக்கு நிக்கல்ல. ஈரலுக்குப் போயிட்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"அப்பம் நான் இத்தன நாளா எடுத்ததெல்லாம்?"

"நீங்க எடுத்ததுலதான நான் மூச்சு விட்டேன்" என்றார் எஸ்தர்.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, எஸ்தரின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். எஸ்தர் அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த பேஷண்ட் காத்திருப்பதாகச் சொல்லி வெளியே கதவைத் தட்டினார்கள். நான் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து நின்றேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

4. அவர் கேட்டது

எஸ்தர் வீட்டிலேயே இறந்தார். சபைக்காரர்கள் நல்லடக்கம் செய்தார்கள். அந்த வாரம் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை, போக முடியவில்லை.

பிறகு ஒருநாள் அருள்ராஜ் வார்டுக்கு வந்தார். பிரிக்காத வாக்குவம் பாட்டில்கள் சிலவற்றை ஒரு கட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். "வேற ஆருக்காவது ஆவும்லா" என்று கொடுத்தார். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். எஸ்தரு மூச்சு முட்டித்தான் செத்திருப்பாளா? குழாய எடுத்துட்டோமே. அது இருந்திருந்தா நான் தண்ணிய எடுத்து விட்டிருப்பம்லா."

"அன்னைக்கு என்ன நடந்துதுன்னு சொல்லுங்க தம்பி."

"காலைல எழுப்பினா. 'முக்குக் கடையில போயி ஒரு டீ வாங்கிட்டு வாங்க, இஞ்சி கூடப் போடச் சொல்லுங்க, போன வாட்டி சப்புன்னு இருந்துச்சு'ன்னா. வாங்கிட்டு வந்தேன். போயிட்டா."

"இத்தனையும் நிறுத்தாம சொன்னாங்களா?"

"ஆமா."

"மூச்சு முட்டுறவங்களால அப்படிப் பேச முடியாதுங்க தம்பி. ரெண்டு வார்த்தைக்கு மேல வராது. டீ எப்படி இருந்துதுன்னு குறை சொல்ல வராது. நெசமாத்தான் சொல்றேன், ஆறுதலுக்குச் சொல்லலீங்க."

"மூச்சு முட்டல்ல" என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனார்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, குழாய் என்ன செய்யும் என்பதை ஒருமுறை சொன்னாலே வீட்டார் பிடித்துக்கொள்வார்கள். என்ன செய்யாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது. அது அவர்கள் தப்பில்லை, அன்பிருக்கிற இடத்தில் அப்படித்தான். சலிக்காமல் சொல்லுங்கள். அது காதில் ஏறுகிற அன்று அவசரப்பட்டு வேறு வேலைக்கு ஓடாமல் பக்கத்தில் நில்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் யாராவது ஒருவர் ஒரு கேள்வியோடு வந்து நிற்பார். அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நான் அருள்ராஜை நிற்க வைத்தே அனுப்பிவிட்டேன்.