பித்தநாளத்துக்கு ஒரு மறுதேர்வு

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறு அறையில் அவர் இருபத்தாறு ஆண்டுகளாக அட்டெண்டர். பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பிணத்தின் வயிற்றுக்குள் கையை விட்டால் எது இரைப்பை, எது மண்ணீரல், கணையம் எங்கே பதுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மாணவர்கள் வாரிப் போட்டுவிட்டுப் போகும் குடலை மாலையில் மடித்து உள்ளே வைப்பதும் அவர்தான். வீட்டில் ஒரு துண்டைக்கூட மடித்ததில்லை என்பது மனைவியின் தீராத குறை.

வாய்மொழித் தேர்வில் முழி பிதுங்கி நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் அவருக்கு மனசு கேட்காது. பேராசிரியருக்குப் பின்னால் நின்று, வாயை மட்டும் அசைத்து விடை சொல்லிவிடுவார். அப்படிக் கரையேறியவர்களில் ஒருத்தி, பித்தப்பைக் குழாய் எது, அதன் பக்கத்திலேயே ஓடும் பொதுப் பித்தநாளம் எது என்று தெரியாமல் அழுதவள்.

இப்போது மனைவிக்குப் பித்தப்பையில் கல். மூன்று வாரமாக இருவருக்கும் தூக்கமில்லை. நாளை அறுவை சிகிச்சை. செய்யப்போவது அதே பெண். குழாயை வெட்டினால் தொல்லை போகும். நாளத்தை வெட்டினால் ஆளே போகலாம். யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் முதலில் போவது அவர் வேலை. "பொண்ணு தங்கமா பேசுதுங்க. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையா?" என்றாள் மனைவி.

சம்மதப் படிவத்தோடு மருத்துவரின் அறைக்குப் போய், அதன் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தார்.

"எதை வெட்டுவீங்கன்னு ஒரு படம் போட்டுக் காட்டுங்க டாக்டர்."

அவள் கோபப்படவில்லை. நிதானமாக வரைந்தாள். சரியாகவே இருந்தது.

"அண்ணா, அன்னைக்கு நீங்க சொன்னது தப்பு. சாரும் கவனிக்கல," என்றாள். "சந்தேகமா இருந்துச்சு, மறுநாள் போய் அந்த உடம்பையே பாத்தேன். அதுல குழாய் இடம் மாறி ஓடுது. நீங்க வழக்கமா இருக்கிற இடத்த நெனச்சு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் ரெண்டு தடவ பாக்காம நான் எதையும் வெட்டுறதில்ல."

அவர் படத்தை இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு படிவத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

வார்டுக்குத் திரும்பியதும், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள் மனைவி. கட்டிலருகே நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். நோயாளிதான் எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.